மால்ட், ஹாப்ஸ் ருசிப் பெட்டி: பீர் காய்ச்சப் பழகும் முன் நாக்கைப் பழக்க ஒரு கருவி

வீட்டில் பீர் காய்ச்சப் பழக விரும்பும் புதியவர்களுக்கென்று விற்கப்படும் ருசிப் பெட்டி ஒன்றைப் பெங்களூரு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து இணையவழி வாங்கி, பழைய வண்ணாரப்பேட்டையிலுள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் நிதானமாகப் பயன்படுத்திப் பார்த்தேன். பெட்டிக்குள் பீர் கிடையாது. பீருக்கு ருசி தரும் பொருள்களில் இரண்டு மட்டும், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியாகிய மால்ட்டும், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவும், சிறு சிறு பொட்டலங்களாக இருக்கின்றன. மால்ட் பகுதி கொடுத்த காசுக்கு முழுமையாகத் தகும் என்பதும், ஹாப்ஸ் பகுதி பாதி கற்றுக்கொடுத்துப் பாதி திசைதிருப்புகிறது என்பதும், சர்க்கரையை நொதிக்க வைக்கும் நுண்ணுயிரியான ஈஸ்ட் பற்றி ஏறக்குறைய எதுவுமே சொல்லாதது பெரிய குறை என்பதும் என் முடிவு.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது இங்கே குற்றம். அளவு சிறியது, சொந்த உபயோகத்துக்கு என்ற சமாதானங்கள் செல்லாது. இந்தப் பெட்டியைக் கொண்டு செய்யக்கூடிய சோதனைகள் எதிலும் நொதித்தல் இல்லை என்பதால்தான் இதை நான் வாங்கினேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் வீட்டில் பீர் காய்ச்சத் திட்டமிட்டிருக்கிறார். அங்கே ஒரு குடும்பம் மாதம் 30 லிட்டர் வரை, விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு, நொதிக்க வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. நானும் அங்கே போய்ச் சேர்ந்தபின் இருவருமாகத் தொடங்குவதாகப் பேச்சு. எந்த வகை பீரைக் காய்ச்சுவது என்று அவர் கேட்டபோது, எங்கள் இருவருக்கும் எது பிடிக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றியது.

பிடித்த பீரின் பெயரைச் சொல்வது எளிது. அதில் எது பிடிக்கிறது என்று சொல்வது கடினம். இந்தியாவில் விற்பனையாகும் பீரில் பெரும்பகுதி லாகர் எனப்படும், குளிர்ச்சியில் மெதுவாக நொதிக்கவைத்த வகை, அதிலும் பெரும்பகுதி ‘ஸ்ட்ராங்’ என்று அச்சிட்டு வருவது. ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ அரசு மதுக்கடையில் வாங்கி, பனிக்கட்டிக்கு அருகான குளிர்ச்சியில் குடித்துப் பழகிய ஒருவருக்கு, பீர் என்றால் வாயில் குத்தும் வாயு, சற்றே இனிப்பு, பிறகு ஆல்கஹாலின் காரம் என்ற ஒரே அனுபவம்தான் கிடைத்திருக்கும். அத்தகையவர்கள் பலரும் ‘எனக்குக் கசப்பு ஆகாது’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களே காலையில் சிக்கரி தூக்கலான டிகாக்ஷனில் காபி குடிக்கிறார்கள். சுண்டைக்காய் வற்றல் குழம்பை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு ஆகாதது கசப்புதானா, அல்லது கசப்போடு சேர்ந்து வந்த வேறொன்றா என்பதைப் பிரித்துப் பார்க்க வழி இல்லாமல் இருக்கிறது. ருசியைக் கூறுகளாகப் பிரித்துக் காட்டுவதே இப்படியொரு பெட்டியின் வேலை. அந்த அளவுகோலால்தான் இதை மதிப்பிடுகிறேன்.

மால்ட் பகுதியில் ஆறு வகைகள் இருந்தன. வெளிறிய அடிப்படை மால்ட்டான பில்ஸ்னர் மட்டும் கால் கிலோ. மியூனிக், கோதுமை, கேரமல், சாக்லேட் ஆகிய மால்ட்களும், முளைகட்டாமல் கருக வறுத்த பார்லியும் நூறு நூறு கிராம். கூடவே வந்த கையேடு, அமெரிக்கப் பீர் வேதியியலாளர் சங்கம் ஏற்றுக்கொண்ட வெந்நீர் ஊறல் முறையைத் தெளிவாக விளக்குகிறது. 50 கிராம் மால்ட்டை மிக்ஸியில் கரகரப்பான மாவாக அரைத்து, 65 டிகிரி செல்சியஸ் சூட்டிலுள்ள 400 மில்லி தண்ணீரோடு ஃபிளாஸ்க்கில் ஊற்றி, குலுக்கி, 15 நிமிடம் மூடி வைத்துப் பின் வடிகட்ட வேண்டும். கேரமல் போன்ற சிறப்பு மால்ட்களைத் தனியே ஊற வைக்காமல் பில்ஸ்னரோடு சரிபாதி கலக்க வேண்டும். சாக்லேட் மால்ட், வறுத்த பார்லி போன்ற கரியவற்றை ஏழரை கிராம் மட்டும் சேர்த்து, மீதி 42.5 கிராமைப் பில்ஸ்னரால் நிரப்ப வேண்டும். 65 டிகிரி என்பது வெறும் வழக்கம் அன்று. அந்தச் சூட்டில்தான் முளைகட்டும்போது தானியத்துக்குள் உருவான நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பார்லியை இதே முறையில் ஊற வைத்தால் கஞ்சித் தண்ணீர்தான் வரும். அது முளைகட்டப்படாதது, தோல் நீக்கித் தீட்டப்பட்டது. முளைகட்டிய கேழ்வரகு மாவைக் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுக்கும் வீடுகளில் இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வடிகட்டுவதற்குக் காபி ஃபில்டரைப் பயன்படுத்தினால் அடைத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, கலங்கல் அடியில் தங்கியபின் மேலாக இறுத்துக்கொள்வது போதும். இந்தச் சாற்றை நான்கு மணி நேரத்துக்குள் ருசி பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் அது விரைவாகப் புளிக்கத் தொடங்கிவிடும். கையேடு குளிர்நாட்டு வெப்பநிலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாலோ என்னவோ, இதை ஓரத்தில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறது.

ஆறு சாறுகளையும் வெளிறியதிலிருந்து கரியது வரை வரிசையாக வைத்துக் குடித்துப் பார்ப்பது, இந்தப் பெட்டி தரும் மிகச் சிறந்த அனுபவம். பில்ஸ்னர் மால்ட்டில் பச்சைத் தானியமும் மெல்லிய தேனும் தெரிகின்றன. மியூனிக்கில் ரொட்டியின் பழுப்பு மேலோட்டின் மணம் ஓங்கி நிற்கிறது. கேரமல் மால்ட்டில் காய்ச்சிய சர்க்கரையும் உலர்ந்த திராட்சையும். கோதுமை மால்ட்டின் ருசி மென்மையானது, ஆனால் சாறு நாக்கில் சற்றுக் கனமாக உட்காருகிறது. சாக்லேட் மால்ட்டில் கோக்கோவின் வறட்சி. வறுத்த பார்லியில் தீய்ந்த காபிக்கொட்டையின் கசப்பு. கசப்பு பிடிக்காது என்று எண்ணிக்கொண்டிருப்பவர் இங்கே நின்று யோசிக்க வேண்டும், ஏனெனில் இந்தக் கடைசிக் கசப்பில் ஹாப்ஸுக்குப் பங்கே இல்லை. இது வறுவலின் கசப்பு. ஸ்டவுட் எனப்படும் அயர்லாந்துக் கரிய பீர் வகைகளின் அடையாளம் பெரும்பாலும் இதுதான். காபிக் கசப்பை விரும்புகிறவர் ஸ்டவுட்டை விரும்பவும், அவரே ஹாப்ஸ் தூக்கலான பீரை ஒதுக்கவும் கூடும். என் மனைவிக்கு அப்படித்தான் ஆயிற்று. வறுத்த பார்லிச் சாற்றை முதலில் கேட்டு வாங்கியவர், ஹாப்ஸ் கஷாயத்தை முகர்ந்ததோடு நிறுத்திக்கொண்டார்.

இவ்விடத்தில் கையேடு சொல்லத் தவறிய ஓர் எச்சரிக்கை உண்டு. மால்ட் சாறு எல்லாமே இனிக்கும். அந்த இனிப்பை வைத்துப் பிடிக்கும், பிடிக்காது என்று தீர்ப்பெழுதக் கூடாது, ஏனெனில் பீரில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையில் பெரும்பகுதியை, பொதுவாக நான்கில் மூன்று பங்கு அளவுக்கு, தின்று தீர்த்துவிடும். பீர் வரை வந்து சேர்வது மணமும் நிறமும் வாயில் நிற்கும் கனமும்தான். கேரமல் மால்ட் மட்டும் ஓரளவு விதிவிலக்கு. அதில் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரைகள் அதிகம் என்பதால் அதன் இனிப்பில் ஒரு பகுதி பீரிலும் எஞ்சும். ஆகவே ஒவ்வொரு சாற்றையும் குடித்தபின், இனிப்பு மறைந்து வாயில் என்ன மிச்சம் நிற்கிறது என்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்வதே சரியான முறை.

ஹாப்ஸ் பகுதிக்கு வருவோம். செக் நாட்டுச் சாஸ், இங்கிலாந்தின் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ், அமெரிக்காவின் கேஸ்கேட், சிட்ரா என நான்கு வகைகள், பொடித்து அழுத்திய குளிகைகளாக, பத்துப் பத்து கிராம். தேர்வு நன்றாக இருக்கிறது. 1972இல் வெளியான கேஸ்கேடிலிருந்துதான் அமெரிக்கப் புதுப்பாணி பீரின் பழமணம் தொடங்கியது. சிட்ரா அந்தப் போக்கின் உச்சம். ஐரோப்பிய வகைகள் இரண்டும் அதற்கு நேர் எதிர் முனையில் நிற்பவை. வெந்நீரில் ஒரு குளிகையைப் போட்டு முகர்ந்தால், சாஸில் ஈரப் புல்லும் மிளகும், கோல்டிங்ஸில் மண்வாசமும் மெல்லிய மலர்மணமும், கேஸ்கேடில் பம்ளிமாஸ் தோலும், சிட்ராவில் எலுமிச்சையும் மாம்பழமும் தனித்தனியே எழுகின்றன. மூக்கைப் பழக்குவதற்கு இதுவே போதும்.

ஆனால் கையேடு அந்த வெந்நீர்க் கஷாயத்தைக் குடித்து ‘உங்கள் கசப்பு அளவை அறியுங்கள்’ என்கிறது. இது தவறான வழிகாட்டுதல். ஹாப்ஸிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. அவை கொதியில் நீண்ட நேரம் கிடந்து வடிவம் மாறினால்தான் பீரில் நாம் உணரும் கசப்பாகின்றன. வெந்நீரில் ஊறிய ஹாப்ஸ் தரும் துவர்ப்பு வேறு, ஒரு மணி நேரம் கொதித்த ஹாப்ஸ் தரும் கசப்பு வேறு. புதியவர் ஒருவர் இந்தக் கஷாயத்தைக் குடித்துவிட்டு, தமக்கு எந்தக் கசப்பும் சம்மதமே என்று எண்ணி 60 அலகுக் கசப்புள்ள ஐபிஏவை (‘இந்தியா பேல் ஏல்’ என்ற, ஹாப்ஸ் தூக்கலான பீர் வகை) காய்ச்சத் தொடங்கினால், வரப்போகும் பாத்திரம் நிறைந்த பீரை யார் குடிப்பது?

சரியான சோதனை கடினமானது அன்று. கசப்பின் அலகு எனப்படும் ஐபியூ, தோராயமாக ஒரு லிட்டரில் கரைந்துள்ள வடிவம் மாறிய ஆல்ஃபா அமிலத்தின் மில்லிகிராம் கணக்கு. கேஸ்கேடில் ஆல்ஃபா அமிலம் 6 சதவீதம் என்று கொள்வோம். அரை லிட்டர் நீர்த்த பில்ஸ்னர் சாற்றில் ஒரு கிராம் போட்டால் 60 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 120. ஒரு மணி நேரக் கொதியில் ஏறக்குறைய கால் பங்கு வடிவம் மாறும் என்பதால், ஆவியான தண்ணீரை ஈடுசெய்து மறுபடி அரை லிட்டராக்கினால் சுமார் 30 ஐபியூ கிடைக்கும். அதே ஒரு கிராமைப் பத்து நிமிடம் மட்டும் கொதிக்கவிட்டால் கசப்பு அதில் பாதிக்கும் கீழே நின்றுவிடும், மணமோ கூடுதலாக எஞ்சும். இரண்டையும் குளிரவைத்து அருகருகே வைத்துக் குடித்தவருக்கு, காய்ச்சுபவர் கசப்புக்கு ஹாப்ஸை முதலிலும் மணத்துக்குக் கடைசியிலும் ஏன் போடுகிறார் என்பது விளங்கிவிடும். ஜெர்மானியக் கோதுமை பீர் 8 முதல் 15 ஐபியூ, செக் பில்ஸ்னர் 30க்கு மேல், அமெரிக்க ஐபிஏ 40 முதல் 70 என்ற அட்டவணையும் அப்போதுதான் பொருள் தரும். ஒரு கிராமை நிறுக்க அடுப்படித் தராசு உதவாது; பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு வேண்டும். அது பெட்டியில் இல்லை.

ஹாப்ஸின் மணம் நொதித்த பானத்தில் எப்படித் தெரியும் என்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. அதையும் கையேடு சொல்லவில்லை. பெரிய கடைகளில் கிடைக்கும் ஆல்கஹால் இல்லாத லாகரை நன்றாகக் குளிரவைத்துத் திறந்து, சிறிதளவைக் கோப்பையில் ஊற்றிவிட்டு, இரண்டு மூன்று குளிகைகளைப் புட்டிக்குள் போட்டு மூடி, குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள் வைத்தால் போதும். குளிகை விழுந்த உடனே நுரை பீறிட்டுக்கொண்டு வரும். கழுவு தொட்டிக்குள் வைத்துச் செய்வது நல்லது. ஒரே பானம் சாஸோடு ஒன்றாகவும் சிட்ராவோடு முற்றிலும் வேறாகவும் மணப்பதைக் காண்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

ஐபிஏ பற்றிக் கையேட்டில் ஒரு பக்கம் முழுக்க வரலாறு இருக்கிறது. இந்தியாவுக்காகவே கண்டுபிடிக்கப்பட்ட பீர் என்று மெச்சிக்கொள்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் போ பகுதியிலிருந்த ஹாட்சனின் பீர் ஆலையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வெளிர் பீர் இந்தியாவுக்கு வந்தது உண்மை. கெட்டுப்போகாமல் காக்கும் தன்மை ஹாப்ஸுக்கு இருந்ததால் நீண்ட கடற்பயணத்துக்கு அதைத் தாராளமாகச் சேர்த்ததும் உண்மை. ஆனால் அத்தகைய பீர் இங்கிலாந்தில் முன்பே இருந்தது. யாரும் இந்தியாவுக்கென்று புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. துறைமுகம் இல்லாத அக்காலச் சென்னையில் கப்பல் சரக்குகளை மசூலாப் படகுகளில் ஏற்றி அலைகளைத் தாண்டிக் கரைசேர்த்தவர்கள் நம் கடற்கரை மக்கள். அவர்கள் சுமந்த பீப்பாய்களை முன்னிட்டு நமக்கு ஐபிஏ பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை.

ருசி பார்க்கும் முறை பற்றி ஒரு சொல். கூடவே வந்த வட்ட அட்டவணை, 1970களில் மார்டன் மீல்கார்ட் என்ற டென்மார்க் அறிவியலாளர் உருவாக்கிய பீர் ருசிச் சக்கரத்தின் எளிய வடிவம். பயனுள்ளதுதான், ஆனால் அதைப் பார்த்துக்கொண்டே குடித்தால் அதிலுள்ளதெல்லாம் தெரிவதாகத் தோன்றும். குடித்துக் குறித்தபின் பார்ப்பதே நல்லது. உண்மையில் வேறுபாடு தெரிகிறதா என்பதற்கு முக்கோணச் சோதனை நம்பகமானது. மூன்று டம்ளர்களில் இரண்டில் ஒன்றையும் மூன்றாவதில் மற்றதையும் வேறொருவர் ஊற்றித் தர, வேறானது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கோல்டிங்ஸையும் சாஸையும் இப்படிப் பிரிப்பது எளிதன்று. இடையிடையே உப்பில்லாத பொரியும் தண்ணீரும் போதும். ஊறுகாயையும் மிளகாய் பஜ்ஜியையும் வேறொரு மாலைக்கு ஒத்திவைக்க வேண்டும். மிகக் குளிர்ந்த பானத்தில் மணம் எழாது, இனிப்பும் மங்கும். 10 டிகிரி அளவில் குடித்துப் பார்ப்பது ருசியை அறிவதற்கு உகந்தது. நம் ஊர்க் கூலிங் பழக்கத்துக்கு இது சற்று எதிரானது.

தண்ணீரை வடசென்னைக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். குழாய் நீரில் கிருமிநீக்கக் குளோரின் உண்டு. தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளில் குளோரைடு மால்ட்டின் இனிமையை உருண்டையாக்கும், சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்கும் என்பது காய்ச்சுபவர்கள் அனைவரும் அறிந்தது. கிருமிநீக்கக் குளோரினோ பீரில் மருந்து வாடையைக் கொண்டுவந்துவிடும். ஆகவே எல்லாச் சோதனைகளையும் ஒரே கேன் தண்ணீரில் செய்ய வேண்டும். இல்லையேல் நாம் ஒப்பிடுவது மால்ட்டையா தண்ணீரையா என்று தெரியாமல் போகும்.

பெட்டியின் பெருங்குறை ஈஸ்ட். ‘ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிறது’ என்ற ஒற்றை வரியோடு கையேடு நகர்ந்துவிடுகிறது. ஜெர்மானியக் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணப்பது அவற்றைச் சேர்த்ததால் அன்று. அந்த ஈஸ்ட் நொதித்தலின்போது தானே உண்டாக்கும் சேர்மங்களால். லாகர் ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரியில் மெதுவாக வேலை செய்து தன் சுவடே தெரியாமல் ஒதுங்கும். லாகர் அல்லாத மற்றப் பெரும் பீர் வகையான ஏலுக்குரிய ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில் பழமணங்களை விட்டுச் செல்லும். அதையே 30 டிகிரியில் விட்டால் ஆல்கஹாலின் எரிச்சல் தூக்கும். சென்னையோ சிங்கப்பூரோ, குளிரூட்டும் வசதி இல்லாதவர்க்கு நார்வேயின் க்வைக் ஈஸ்ட் போன்ற, 30 டிகிரிக்கு மேலும் ஒழுங்காக நொதிக்கும் வகைகளே நடைமுறைக்கு உகந்தவை. அவற்றில் பல ஆரஞ்சு மணம் தருபவை. அந்த மணம் நமக்குப் பிடிக்குமா என்பது, எந்த ஹாப்ஸ் பிடிக்கும் என்பதைவிட முந்தைய கேள்வி. நொதிக்காமல் ஈஸ்டின் ருசியைக் காட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனால் எந்த வகை பீர்களை அருகருகே குடித்து ஒப்பிட்டால் ஈஸ்டின் பங்கு தெரியும் என்று அரைப் பக்கம் எழுதுவதற்கு என்ன தடை?

குறைபாட்டு ருசிகளைப் பற்றியும் அரைப் பக்கம் தேவைப்பட்டது. வெயிலில் நின்ற பச்சைப் புட்டியில் ஒளி பட்டு ஹாப்ஸ் சேர்மங்கள் சிதைந்து எழும் நாற்றத்தையும், பழைய பீரின் ஈர அட்டை வாடையையும், நொதித்தல் முழுமையாகாத பீரின் வெண்ணெய் வாடையையும் ஒருவர் அந்த வகையின் இயல்பென்றே நம்பி, ‘லாகர் எனக்குப் பிடிக்காது’ என்று ஒதுக்கிவிட வாய்ப்பு மிகுதி.

எனக்கு இந்தப் பெட்டி சொன்னது இதுதான்: மியூனிக் மால்ட்டின் ரொட்டி மணம் வேண்டும், கேரமல் சிறிதளவே போதும், கசப்பு 30 ஐபியூ அருகே நிற்கலாம், ஹாப்ஸ் கோல்டிங்ஸ், பழமணம் ஒரு கோப்பைக்கு மேல் சலிக்கிறது. சாஸா கோல்டிங்ஸா என்று எனக்கும் அண்ணனுக்கும் தொலைபேசியில் நடந்த வாதம் இன்னும் முடியவில்லை. அவர் தமக்கெனத் தனியே ஒரு பெட்டி வாங்கிவிட்டார்.

விலை, நால்வர் நல்ல உணவகத்தில் ஒருவேளை சாப்பிடும் செலவுக்குச் சமம். மால்ட் பொட்டலங்கள் காற்றுப் புகாமல் உறுதியாக இருந்தன. ஹாப்ஸ் உறைகளில் ஒன்று, கோடையில் கூரியர் வண்டியில் வெந்து வந்ததாலோ என்னவோ, திறந்தவுடன் பழைய பாலாடைக்கட்டி நாற்றம் அடித்தது. காற்றும் வெப்பமும் பட்டுக் கெட்ட ஹாப்ஸின் அடையாளம் அது. எழுதிக் கேட்டதும் விற்பனையாளர் மறுப்பேதும் சொல்லாமல் குளிர்ப் பொதியோடு வேறு உறை அனுப்பினார். சென்னையில் இதை வாங்க நினைப்பவர்கள் மார்கழி, தை மாதங்களில் தருவிப்பதும், வந்த உடனே ஹாப்ஸ் உறைகளை உறைபெட்டிக்குள் வைத்துவிடுவதும், பில்ஸ்னர் மால்ட்டைக் கால் கிலோவுக்குப் பதில் அரை கிலோவாகக் கேட்டு வாங்குவதும் நல்லது. எல்லாச் சோதனைக்கும் அதுதான் அடிப்படை என்பதால் அதுவே முதலில் தீர்ந்துபோகிறது.